மாமியார் படுத்துவிட்டால் யாரிடம் லீவு கேட்பது?

ராணுவ வீரரின் மனைவி என்றால் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறோம். டிசம்பர் 7 கொடி நாளுக்கு உண்டியலில் காசும் போடுகிறோம். ஆனால், அந்தப் பெண் தனியார் கம்பெனியில் வேலை பார்த்தால், வீட்டு ஆளுக்கு ஆத்திர அவசரம் என்றால் அவளுக்கென்று ஒரு 'லீவு' சட்டம் கிடையாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் வடக்கே எல்லையில் இருக்கிறார். மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மகன் லீவு வாங்கி, ரயில் பிடித்து வந்தார். லீவு முடிந்ததும் கிளம்பிவிட்டார். அப்புறம் ஆஸ்பத்திரி, படுக்கை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாம் இவள் தலையில். இருந்த லீவும் தீர்ந்தது. 'இனி வரலேன்னா வேற ஆள் போட்டுக்குவோம்' என்றது கம்பெனி. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரசவ விடுப்பை 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு, தனக்கு நோய் வந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீத சம்பளம் உண்டு. மத்திய அரசு வேலையில் உள்ள பெண்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள். ராணுவத்தில் அதிகாரிகளுக்கு இருந்த பிரசவ, குழந்தை பராமரிப்பு விடுப்பை, 2023 நவம்பரில் சாதாரணப் பெண் சிப்பாய்களுக்கும் கொடுத்தார்கள். எல்லாம் நல்ல காரியம்தான்.

நம் புதுச்சேரியில்கூட 2023-ல், அரசுப் பெண் ஊழியர்கள் வெள்ளிக்கிழமை பூஜை செய்ய, மாதத்தில் மூன்று வெள்ளி காலையில் இரண்டு மணி நேரச் சலுகை அறிவித்தார்கள். சாமிக்கு விளக்கேற்ற நேரம் கிடைத்தது, சந்தோஷம். படுக்கையில் கிடக்கிற மாமியாருக்குக் கஞ்சி கொடுக்க, தனியாரில் வேலை பார்க்கிறவளுக்கு யார் நேரம் கொடுப்பது?

அமெரிக்காவில் 1993-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெற்றவர், பிள்ளை, கணவன், மனைவிக்கு உடம்பு முடியாவிட்டால் 12 வாரம் விடுப்பு. சம்பளம் இல்லை, ஆனால் வேலை போகாது. காயம்பட்ட ராணுவ வீரரைக் கவனிக்கும் குடும்பத்தாருக்கு 2008-ல் அதை 26 வாரமாக்கினார்கள்.

'இப்படிக் கொடுத்தால் பொம்பளைகளை வேலைக்கே எடுக்க மாட்டார்கள்' என்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஆண்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ள மகனுக்கும் கடமை இருக்கிறதே! அவனும் லீவு போடட்டும்.

அமெரிக்கா அளவுக்குக்கூட வேண்டாம். வருஷத்துக்கு ஒரு மாதம், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 'திரும்பி வந்தால் உன் வேலை உனக்குத்தான்' என்று எழுத்தில் ஓர் உறுதி. ராணுவத்தார் குடும்பத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நாள். இதுதான் என் கோரிக்கை.

பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ஆளை அனுப்பிவிட்டுத் தனியாகக் குடும்பத்தைச் சுமந்த 'சொல்தா' வீட்டுப் பெண்களைப் பார்த்த ஊர் இது. நம் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.யும் இதைச் சபையில் பேசினால் என்ன? வேலைக்குப் போகும் சகோதரிகளே, நீங்களும் எழுதுங்களேன்!

- ஓர் இல்லத்தரசி, தவளக்குப்பம்.