முதலாளிக்குக் காது இருக்கிறதா?



2021 டிசம்பரில் நமது பூந்தமல்லிப் பகுதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் அருகிலுள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்க வைக்கப்பட்டிருந்தனர். விடுதிச் சாப்பாட்டால் 250க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளின் நிலை என்னவென்று மற்றவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. சிலர் இறந்து விட்டதாக வதந்தி பரவியது. அது பொய். ஆனாலும் பெண்கள் திரண்டு வந்து சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து விட்டனர்.

சுமார் 17 ஆயிரம் பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக் கொண்டது. 2022 ஜனவரி 12ல்தான் ஆலை மீண்டும் திறந்தது.

பணம் இல்லாமலா இது நடந்தது? இல்லை! குறையைக் கேட்கக் காது இல்லாததால் நடந்தது. நிர்வாகத்தின் சொல் மீது நம்பிக்கை இருந்திருந்தால் வதந்திக்கு அங்கே என்ன வேலை?

'பன்னாட்டுக் கம்பெனி விவகாரம், நமக்கென்ன?' என்று ஒதுக்கி விடாதீர்கள். அம்பத்தூரில் லேத் பட்டறை, ஆவடியில் ஜவுளிக்கடை, பூந்தமல்லியில் பிரியாணிக்கடை என்று நாலு பையன்களை வைத்துத் தொழில் நடத்துகிறோமே, அவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று ஒரு நாளாவது போய்ப் பார்த்தோமா? கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று அதே 2021ல் தமிழகத்தில் சட்டம் திருத்தப்பட்டது. நம்மில் எத்தனை பேர் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டோம்?

'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்பீர்கள். கண்டிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? தனியாக அழைத்துக் கண்டியுங்கள். வாடிக்கையாளர் முன்னால் ஏசப்பட்ட பையன், நாளை சரக்கு கெட்டுப் போயிருந்தாலும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டான். நஷ்டம் யாருக்கு? பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை கூடச் சலித்துக் கொண்டதில்லை என்று மேடையில் சொல்கிறோம். கல்லாவில் உட்கார்ந்ததும் மறந்து விடுகிறோம்!

நமது கிளைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. தலைவர் மட்டும் பேசி விட்டுக் கலைவதற்குப் பெயர் மஷூரா அல்ல. நானும் அப்படிக் கூட்டம் நடத்தியவன்தான். இளைஞர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்ற பிறகே என் தவறு எனக்கு உறைத்தது.

சம்பளத் தேதி, வேலை நேரம், விடுமுறை இம்மூன்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து விடுங்கள். இன்று கடையை அடைத்ததும் பையன்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, 'இங்கே என்ன சரியில்லை?' என்று கேளுங்கள். முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஏன் திறக்கவில்லை என்று அன்றிரவு சிந்தியுங்கள்!