வடை வித்த காசும் அம்மன் உண்டியலும்

பதிவு கொஞ்சம் நீளம். பூசை முடிஞ்சு, சாப்பிட்டு, நிதானமா உட்கார்ந்து படிங்க.

நம்ம ஆலய மண்டபத்துல வருசத்துக்கு ஒரு தடவை உணவு விற்பனை போடுற பழைய மாணவிகளைப் பத்தி இப்ப பேச்சு அதிகமாயிடுச்சு. தோட்டத் தமிழ்ப்பள்ளியில ஒண்ணா படிச்ச அக்காமார்களும் தங்கச்சிமார்களும் சேர்ந்து வடை, கேசரி, புளிச்சாதம், முறுக்கு வித்து, அந்தக் காசைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாங்க. "கோயில் என்ன சந்தையா?" என்று ஒரு பக்கம் கேட்கிறாங்க. "ஒரே கலர்ல சேலை கட்டிப் படம் எடுக்கத்தானே வர்றாங்க" என்று இன்னொரு பக்கம். இனிமே மண்டபத்தைக் கொடுக்கக் கூடாதுன்னு நிர்வாகத்துக்குக் கடிதமும் போயிருக்கு. அடுத்த கூட்டத்துல முடிவு எடுக்கப் போறாங்க.

அதுக்கு முன்னால தொண்டூழியர்களாகிய நாங்க எங்க கருத்தைச் சொல்லிடுறோம். மண்டபத்தைக் கொடுக்கணும். ஆனா சில நிபந்தனையோட கொடுக்கணும்.

முதல்ல இவங்க யாருன்னு யோசிங்க. தோட்டத்துல பத்துப் பிள்ளைகள் இருந்தாலே பள்ளிக்கூடம் வைக்கணும்னு வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித்தான் ரப்பர் தோட்டங்கள்ல பள்ளிகள் வந்தன. பள்ளி இருந்த இடத்துல அம்மன் கோயிலும் இருந்தது. காலையில பள்ளி மணி, சாயங்காலம் கோயில் மணி. இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவங்க. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்னைக்கு ஏறக்குறைய 530. தோட்டம் துண்டு போட்டு வித்தப்ப, செம்பனைக்கு மாறினப்ப, ஜனங்க டவுனுக்குப் போனப்ப, பல பள்ளிகள் மூடிப் போச்சு. சில பள்ளிகள் லைசென்சோட வேற இடத்துக்கு மாறிப் பிழைச்சது.

இதுல ஒரு விசயத்தை நாம கவனிக்கிறதே இல்லை. ஆம்பளப் பிள்ளைகள் பல பேரு பக்கத்துத் தாமான்லயே வீடு வாங்கித் தங்கிட்டாங்க. இன்னைக்கு ஆலய நிர்வாகத்துல இருக்கிறவங்களும் அவங்கதான். பொம்பளப் பிள்ளைகள் கல்யாணம் முடிஞ்சு ஜொகூர், பினாங்கு, சிங்கப்பூர்னு போயிட்டாங்க. மத்த பெண்களுக்குத் திரும்பி வர்றதுக்குத் தாய் வீடுன்னு ஒண்ணு இருக்கும். இவங்க பிறந்த லைன் வீட்டை இடிச்சு வருசக்கணக்காச்சு. இவங்களுக்குத் தாய் வீடுன்னு மிச்சம் இருக்கிறது இந்தப் பள்ளியும் இந்த அம்மனும்தான். வருசத்துல ஒரு நாள் ஒரே கலர்ல சேலை கட்டி வந்து, சிரிச்சுப் பேசி, படம் எடுத்துக்கிட்டா நமக்கு என்ன குறைஞ்சு போகுது? எடுக்கட்டுமே.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தச் சிரிப்பும் பேச்சும் இல்லாம நிதி சேராது. யாரு வீட்டுக்காரர் தவறிட்டாரு, யாரு மருத்துவமனையில இருக்காங்க, யாரு மகளுக்குப் படிப்பு நின்னு போச்சு, எல்லாம் அவங்க வாட்ஸ்அப் குழுவுலதான் முதல்ல தெரியுது. ராத்திரி பத்து மணிக்கு உளுந்து ஊறப் போட்டு, விடிகாலை நாலு மணிக்கு மாவாட்ட ஒருத்தர் வர்றாங்கன்னா அது சங்க விதிக்காக இல்ல. கூடப் படிச்சவ கூப்பிட்டாளேன்னு வர்றாங்க.

பத்தும் இருபதுமா சேர்க்கிறது நம்ம மக்களுக்குப் புதுசும் இல்ல. 1943-இல் நேதாஜி கோலாலம்பூருக்கு வந்து பேசினப்ப, பதின்ம வயசுப் பெண்ணா இருந்த ஜானகி தன் தங்க நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்துல தமிழ் நூலகம் வேணும்னு கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" நிதியைத் தொடங்கினப்ப ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார். தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க கொடுத்த வெள்ளியும் அதுல இருக்கு. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாத்தான் போட்டாங்க. அதுல தோட்டமே வாங்கினாங்க. பெரிய பணக்காரங்களுக்காக யாரும் காத்துக்கிட்டு இருக்கல.

அதனாலதான் இந்த அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை சொல்றோம். இந்த வருசம் ஹோட்டல்ல விருந்து வைக்கலாம், மேசை மேசையா விக்கலாம், பாடகரைக் கூப்பிடலாம்னு உங்க குழுவுல ஒரு யோசனை ஓடுதுன்னு கேள்விப்பட்டோம். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு மேசை ஆயிரம் வெள்ளின்னு வைப்போம். சாப்பாட்டுக்கு ஹோட்டல்காரர் எழுநூறு எடுத்துக்கிட்டா, பாட்டு, மேடை, அலங்காரத்துக்கு இருநூறு போனா, பிள்ளைகளுக்கு மிஞ்சுறது நூறு. மண்டபத்துல சுட்ட வடையில செலவு மாவும் எண்ணெயும் கேஸும்தான். மேசை வாங்க வசதி இல்லாத பாட்டியும் இங்க மூணு வெள்ளி கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கலாம். விருந்துல அந்தப் பாட்டிக்கு இடமே கிடையாது. விருந்து தப்புன்னு சொல்லல. ஆனா நிதிக்காகன்னு சொல்லி வச்சா, நிதி மிஞ்சணும்.

இப்ப உண்டியல் விசயம். "இவங்க விற்பனை போட்டா அம்மன் உண்டியல் குறையுது" என்று சொல்றாங்க. பசியோட வந்தவன் வடை வாங்கின காசு உண்டியலுக்கு வரவேண்டிய காசு இல்ல. அப்படியே கொஞ்சம் குறைஞ்சாலும், அந்தக் காசு எங்க போகுதுன்னு பாருங்க. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்குது. பகுதி உதவி பெறும் பள்ளியில கட்டட வேலை பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் தலையிலதான் விழுது. ஆறாம் ஆண்டு முடிச்சு இடைநிலைப்பள்ளிக்குப் போற பிள்ளைக்குப் புது சீருடை, காலணி, பஸ் கட்டணம் எல்லாம் ஒரே நேரத்துல வருது. பள்ளி திறக்கிற மாசத்துல அப்பா சம்பளம் பத்தாத வீட்டுக்கு இந்த வடைக் காசு போகுது. அந்தப் பிள்ளையும் அம்மன் பிள்ளைதானே.

ஆனா கடிதம் எழுதினவங்க எல்லாத்தையும் பொறாமையில எழுதலை. அவங்க கேட்டதுல ஒரு கேள்வி நியாயமானது. "கணக்கு எங்கே?" இதுக்கு "நம்பிக்கை இல்லையா?" என்று பதில் சொல்லக் கூடாது. கோயில் வாசல்ல வாங்குற ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வேணும். ஆகவே எங்க நிபந்தனைகள் இவை:

ஒண்ணு. சங்கத்தைப் பதிவு பண்ணுங்க. ஏழு பேரும் அதுக்கு மேலும் சேர்ந்தா அது சங்கம்னுதான் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் சொல்லுது. பதிவு பண்ணினா ஆண்டுக் கூட்டமும் ஆண்டறிக்கையும் தானா வந்துடும்.

இரண்டு. ஒரு தனி ஆளோட கியூஆர் கோடுல காசு வாங்கக் கூடாது. சங்கத்தின் பேருல வங்கிக் கணக்கு, இரண்டு பேரு கையெழுத்து, நம்பர் போட்ட ரசீதுப் புத்தகம். விற்பனை முடிஞ்சு இரண்டு வாரத்துல வரவு செலவை ஆலய அறிவிப்புப் பலகையில ஒட்டணும். வீடு வீடா, தெரு தெருவா போய் வசூலிக்கணும்னா அதுக்கு போலீஸ் அனுமதி வாங்கணும். கோயில் பேரைச் சொல்லி அப்படிப் போகவே வேண்டாம்.

மூணு. குழுவுக்குள்ள சில பேரு கூட்டுப் பிடிக்கிறாங்க. அந்தக் காசும் இந்தக் காசும் ஒரு பையில சேரவே கூடாது. கூட்டு நடத்துறதைத் தொழிலாச் செய்றதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்குது. அந்தச் சட்டத்தோட பேருலயே நம்ம "கூட்டு" என்ற சொல் இருக்கு.

நாலு. இதுதான் எங்களுக்கு முக்கியம். உதவி வாங்குற பிள்ளையை மேடையில நிக்க வச்சுப் படம் எடுத்துப் போடாதீங்க. உங்க சேலையைப் படம் எடுங்க, வடையைப் படம் எடுங்க, அந்தப் பிள்ளையின் முகம் வேண்டாம். நாளைக்கு அதே பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகணும், அங்க கூட்டாளிகள் அந்தப் படத்தைக் காட்டிக் கேலி பண்ணுவாங்க. தலைமையாசிரியர் மூலமா, பேரு வெளிய தெரியாம கொடுங்க. வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரிய வேண்டாம்னு நம்ம பெரியவங்க சும்மா சொல்லல.

நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். இதை ஒத்துக்கிட்டா மண்டப வாடகை வாங்காதீங்க. கரண்டுக்கும் தண்ணிக்கும் மட்டும் வாங்குங்க. பூசை நேரத்துல விற்பனையை நிறுத்தணும், சைவம் மட்டும்தான், குப்பையை அவங்களே அள்ளணும். இதை எல்லாம் எழுத்துல கொடுத்துட்டா, பிறகு ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்ல வேண்டியதில்ல.

"கோயில் சந்தையா?" என்று கேட்ட பெரியவருக்கு எங்க பணிவான பதில்: இல்லைங்க ஐயா. ஆனா தோட்டத்துல கோயில்தான் நமக்குக் கல்யாண மண்டபம், பஞ்சாயத்து மேடை, பள்ளிக்கூட விழா நடந்த இடம் எல்லாம். அம்மன் அதை எல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா. பிள்ளைகளுக்காக மாவாட்டுறதைப் பார்த்து அவ கோபப்பட மாட்டா.

கூட்டத்துக்கு வர்ற உறுப்பினர்கள் இதைப் படிச்சிட்டு வாங்க. மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க. ஆனா எந்த அக்காவின் பேரையும் இழுக்காதீங்க.

ஓம் சக்தி.