போனில் நம்பர் எடுக்கப் பழகுவோம். வைத்தியத்தை உரிமையாகக் கேட்போம்

கிளினிக் நாளென்றால் ஒரு பேர் போகும். தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சீனி வியாதிக்கும் பிரஷருக்கும் மாதந்தோறும் மருந்து எடுப்பவர்கள் விடிவதற்கு முன்பே லயத்தை விட்டுக் கிளம்பி, ரோட்டுக்கு இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து, நம்பர் துண்டுக்காக வைத்தியசாலை வாசலில் நிற்கிறார்கள். வைத்தியரைப் பார்ப்பது சில நிமிடங்கள். மருந்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது பின்னேரமாகிவிடும். அன்றைய பேரும் இல்லை, கையிலிருந்த காசும் பஸ்ஸுக்குப் போய்விட்டது. அதனால்தான் "அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலரும் கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள். விட்டவர்களைப் பாரிசவாதமும் சிறுநீரக நோயும் மாரடைப்பும் தேடி வருகின்றன. ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்றப் போய் ஆளையே இழந்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

அரச வைத்தியசாலைகளில் இப்போது நோயாளர் பதிவு கணினிக்கு மாறி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனியான சுகாதார இலக்கம், முன்கூட்டியே நேரம் ஒதுக்கும் முறை, கையடக்கத் தொலைபேசிச் செயலிகள் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு வசதி. மலையில் இருப்பவருக்கு இது அரைப் பேரைக் காப்பாற்றும் காரியம். பத்து மணிக்கு வரச் சொன்னால் பத்து மணிக்குப் போய், பகலுக்குள் திரும்ப முடியும். ஆகவே இந்த முறையை நாம் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே நமது சங்கத்தின் நிலைப்பாடு. "இதெல்லாம் படித்தவர்களுக்கு" என்று ஒதுங்கி நின்றால், நமக்கு முன்னால் இருப்பவர்கள் போனில் நம்பர் எடுத்துவிட்டுப் போவார்கள். நாம் வாசலிலேயே நிற்போம்.

முதலில் பழக வேண்டியது 1990. சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 இல் ஊவாவுக்கு வந்தது. பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. இதற்கு ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிச் சென்ற காலத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் 1990 இற்கு அழைத்தவுடன் கேட்கப்படும் முதல் கேள்வியிலேயே நாம் தடுமாறுகிறோம்: "எந்த இடம்?" நமது லயங்களுக்கு வீட்டு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. கடிதம்கூட தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வருகிறது. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, பத்தாம் நம்பர் லயம் என்று நாம் சொல்லும் அடையாளம் வெளியூர்ச் சாரதிக்கு விளங்காது. 1990 செயலி போனில் இருந்தால் அழைப்பவர் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். முகவரி இல்லாத நமக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நினைத்துப் பாருங்கள்.

செயலி இருந்தாலும் சில வேலைகள் நம்முடையவைதான். எந்த மேட்டில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதை லயத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அம்புலன்ஸ் வரும்போது பிரதான வீதி முடக்கில் ஒருவர் நிற்க வேண்டும். டேட்டா இல்லையென்றால் செயலிக்காகக் காத்திராமல் 1990 இற்குக் கோல் எடுத்து, பக்கத்திலுள்ள கோயிலையோ தொழிற்சாலையையோ அடையாளமாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கிளினிக் கொப்பி. மழையில் நனைந்தும் கரையான் அரித்தும் போன கொப்பிகள் எத்தனை! கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் மருந்துத் துண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வைத்தியசாலையில் தரும் சுகாதார இலக்கத்தைப் பத்திரமாக எழுதி வையுங்கள். தனியார் வைத்தியரைச் சனல் பண்ணும் செயலிகளுக்குக் கட்டணம் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் எவ்வளவு என்று பாருங்கள். கொமினிகேஷன் கடையில் கொடுத்துப் பதிவு செய்பவர்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது. வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுச் செய்வதே நல்லது.

தொழிலாளர் மட்டும் பழகினால் போதாது. வைத்தியசாலைகளும் பழக வேண்டும். செயலியில் பத்து மணி என்று நேரம் கொடுத்துவிட்டு, வந்தவரை வரிசையின் கடைசியில் நிறுத்தினால், அவர் அடுத்த முறை செயலியைத் திறக்கமாட்டார். கொடுத்த நேரத்தை மதியுங்கள் என்று வைத்தியர்களையும் தாதியரையும் கேட்டுக்கொள்கிறோம். 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

அரசாங்கத்திடமும் கம்பனிகளிடமும் நாம் கேட்பவை வேறு.

முதலாவது, தமிழ். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. சுகாதாரச் செயலி எதுவானாலும் முதல் திரையிலிருந்து கடைசிக் குறுஞ்செய்தி வரை தமிழில் இருக்க வேண்டும். "வெறும் வயிற்றில் வரவும்" என்ற அறிவித்தல் விளங்காததால் ஒருவர் சாப்பிட்டுவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போய்த் திரும்பி வந்தால், அது இன்னொரு பேர் நட்டம்.

இரண்டாவது, போன் இல்லாதவருக்கும் வைத்தியம் வேண்டும். வயதானவர்களும் தனித்திருப்பவர்களும் நேரில் வந்து துண்டு எடுக்கும் வரிசை தொடர்ந்து இருக்க வேண்டும். செயலி ஒரு வாசலாக இருக்கட்டும். பூட்டாக இருக்க விடமாட்டோம்.

மூன்றாவது, தோட்ட மருந்தகம். 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. இன்று கேட்டால் கம்பனி அரசாங்கத்தைக் காட்டுகிறது, அரசாங்கம் கம்பனியைக் காட்டுகிறது. தோட்ட மருந்தகத்தில் ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால், நம்பர் எடுப்பதையும் பதிவு செய்வதையும் அங்கேயே முடிக்கலாம். சிக்னல் இல்லாத பிரிவுகளுக்குக் கோபுரம் கேட்பதும் இந்தக் கோரிக்கையில் அடங்கும்.

நான்காவது, இரகசியம். யாருக்கு என்ன நோய், யார் கர்ப்பமாக இருக்கிறார் என்பது நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையிலான விடயம். அது தோட்டக் காரியாலயத்தின் மேசைக்குப் போகக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேடமாகப் பாதுகாக்க வேண்டிய தகவலாகக் கொள்கிறது. நோயைக் காரணம் காட்டி எவரையாவது வேலையிலிருந்து ஒதுக்கப் பார்த்தால் உடனே சங்கத்துக்கு அறிவியுங்கள்.

செயலி வந்தால் வைத்தியர் கூடிவிடமாட்டார், இல்லாத மருந்தும் வந்துவிடாது. அந்தப் போராட்டம் தனியாக நடக்கும். ஆனால் இருக்கும் வைத்தியரிடம் நேரத்தோடு போய்ச் சேரும் வழியை நாம் ஏன் விட வேண்டும்?

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிமாரும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். லயத்துக்கு ஒரு இளைஞரையோ யுவதியையோ தெரிவு செய்து, அங்குள்ள போன்களில் 1990 செயலியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகள் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணித்தியாலம் சொல்லிக் கொடுக்கட்டும். எந்த வைத்தியசாலையில் தமிழில் வசதி இல்லை, எங்கே கொடுத்த நேரத்தை மதிப்பதில்லை என்பதை எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். நாள், நேரம், இடம் மூன்றும் இருந்தால்தான் நாம் அமைச்சின் கதவைத் தட்ட முடியும்.