கூலிக்கு ஊர் கிடையாதாம்!

"நீ எந்த ஊர்? எப்போது திரும்பிப் போவாய்?" பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, ரயில் பாதை ஓரத்திலும் சதுப்பு நிலத்திலும் குடிசை போட்டு, மூன்று தலைமுறையாக இந்த நகரங்களைக் கட்டிக் கொடுத்த நம்மைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்காதவர் உண்டா? ரேஷன் கார்டைக் காட்டு என்பார்கள். பிறப்புச் சான்றிதழைக் காட்டு என்பார்கள். எல்லாவற்றையும் காட்டிய பிறகும், "வேலைக்கு வந்தவன்தானே நீ" என்று ஒரே சொல்லில் முடித்து விடுவார்கள்.

இந்த ஒரே சொல்லை வைத்துக் கொண்டு ஒரு தீவுக் கூட்டத்தையே காலி செய்தது ஒரு ஏகாதிபத்தியம். வெகு தொலைவில் அல்ல. கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டரில், நம் இந்துமாக்கடலின் நடுவில். சாகோஸ் தீவுகள் என்று பெயர். அவற்றில் பெரியது டீகோ கார்சியா.

அங்கே வாழ்ந்தவர்கள் யார்? தென்னந்தோப்புகளுக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துக் கொண்டு வந்த அடிமைகளின் பிள்ளைகள். 1814ல் தீவுகள் பிரிட்டன் கைக்கு வந்தன. அடிமை முறை ஒழிந்த பின், நம் நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் போய்ச் சேர்ந்தார்கள். கொப்பரை உடைத்தார்கள், எண்ணெய் ஆட்டினார்கள், மாதா கோயில் கட்டினார்கள், செத்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். தங்களுக்கென்று ஒரு கிரியோல் பேச்சு. ஐந்து தலைமுறை வாழ்ந்தவன் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரனா, இல்லையா? இல்லை என்றது லண்டன்.

காரணம் கேளுங்கள். 1960களில் அமெரிக்காவுக்கு இந்துமாக்கடலில் ஓர் இராணுவத் தளம் வேண்டியிருந்தது. ஆள் இல்லாத தீவாக வேண்டும் என்றார்கள். சாகோஸ் அப்போது மொரீஷியஸ் காலனியின் ஒரு பகுதி. மொரீஷியஸோ விடுதலை கேட்டுக் கொண்டிருந்தது. 1965 செப்டம்பரில் பேச்சு வார்த்தைக்கு லண்டன் போன மொரீஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலத்தைப் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன் தனியே அழைத்துப் பேசினார். விடுதலையோடும் ஊர் திரும்பலாம், வெறுங்கையோடும் திரும்பலாம் என்பதே பேச்சின் சாரம். ஆசை காட்டியே அவரை அச்சுறுத்த வேண்டும் என்று முந்தின நாள் பிரதமருக்கு அவருடைய செயலாளர் எழுதிக் கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளிவந்து சந்தி சிரித்தது. 30 லட்சம் பவுனுக்குத் தீவுகள் பிரிக்கப்பட்டன. அமெரிக்கா தன் பங்குக்கு, பிரிட்டன் வாங்கவிருந்த போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலரைச் சத்தமில்லாமல் கழித்துக் கொடுத்தது. மொரீஷியஸ் 1968 மார்ச் 12ல் விடுதலை பெற்றது, உடம்பில் ஒரு துண்டு அறுக்கப்பட்ட நாடாக.

தீவு மக்கள் சுமார் 1,500 பேர். வைத்தியத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரீஷியஸ் வந்தவர்களிடம், "உங்கள் தீவு விற்றாகி விட்டது, இனி கப்பல் இல்லை" என்றார்கள். தோட்டக் கம்பெனியை 1967லேயே அரசு விலைக்கு வாங்கிவிட்டது. அரிசியும் மருந்தும் வருவது குறைந்தது. 1971ல் மக்களின் வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, இராணுவ வண்டிகளின் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். அடுத்து யார் என்று பெற்ற பிள்ளைகள் கேட்க மாட்டார்களா? சரக்குக் கப்பலில் அடைத்துக் கொண்டு போய்ப் போர்ட் லூயியிலும் செஷல்ஸிலும் இறக்கினார்கள். 1973ல் கடைசித் தீவும் காலி.

இதையெல்லாம் செய்யத் துப்பாக்கியும் பணமும் போதும். ஆனால் ஏகாதிபத்தியம் இன்னொரு காரியத்தையும் மிகுந்த சிரமப்பட்டுச் செய்தது. பொய்க் கணக்கு எழுதியது! இவர்கள் குடிமக்கள் அல்ல, ஒப்பந்தம் முடிந்தால் போக வேண்டிய கூலிகள் என்று கோப்புகளை ஜோடித்தது. 1970ல் ஒரு சட்ட ஆலோசகர் 'கட்டுக்கதையைக் காப்பது' என்று தலைப்புப் போட்டே குறிப்பு எழுதினார். இன்னொரு மேலதிகாரி 1966லேயே எழுதிவிட்டார்: அங்கே கடற்பறவைகளைத் தவிர வேறு பூர்வகுடி இருக்கக் கூடாது என்று. அவருக்கு அடுத்தவர் அதன் கீழேயே அந்த மக்களை டார்ஜான்கள் என்று கிண்டல் செய்து கையெழுத்திட்டார்.

கடலை ஆண்ட பிரிட்டனும் அணுகுண்டு வைத்திருந்த அமெரிக்காவும் கொப்பரை உடைக்கும் 1,500 பேரைப் பார்த்து ஏன் பொய் சொல்ல வேண்டும்? "ஐ.நா. தீர்மானம் வெறும் காகிதம், ஏழை நாடுகள் கை தூக்கி என்ன ஆகப் போகிறது" என்று ஏளனம் பேசும் நண்பர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதிலை நாம் சொல்கிறோம். 1945ல் ஐ.நா. தொடங்கியபோது அங்கத்தினர் 51 நாடுகள். 1955ல் பாண்டுங்கில் 29 ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தன. 1960ல் மட்டும் ஐ.நா.வில் 17 நாடுகள் புதிதாகச் சேர்ந்தன, ஒன்று தவிர எல்லாம் ஆப்பிரிக்க நாடுகள். அந்த டிசம்பரிலேயே காலனி முறைக்குச் சாவுமணி அடித்த 1514ஆம் தீர்மானம் 89 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து வாக்களிக்க ஒருவருக்கும் துணிவில்லை. பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட 9 நாடுகள் நடுநிலை என்று ஒதுங்கிக் கொண்டன. ஒரு நாட்டை வெட்டிப் பிரிப்பது ஐ.நா. சாசனத்துக்கே விரோதம் என்று அத்தீர்மானம் சொல்கிறது. ஒரு காலனியில் மக்கள் இருந்தால் அவர்களைப் பற்றி ஐ.நா.வுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நேற்று முளைத்த கானாவும் கினியும் எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்கும். அதற்குப் பயந்துதான் மக்களைக் கூலிகள் ஆக்கினார்கள். காகிதத்துக்குப் பயப்படாதவன் எதற்காகக் காகிதத்தைத் திருத்துகிறான்?

அந்தப் பயம் வீணல்ல என்று காலம் காட்டியது. 2017ல் மொரீஷியஸ் இந்த வழக்கை ஐ.நா. பொதுச் சபைக்குக் கொண்டு வந்தது. சுமார் 12 லட்சம் மக்கள், சர்க்கரையும் துணியும் விற்றுப் பிழைக்கும் நாடு! 94 நாடுகள் ஆதரித்தன, 15 எதிர்த்தன, வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2019 பிப்ரவரி 25ல் தீர்ப்புரை வந்தது. தீவுகளைப் பிரித்தது சட்டத்துக்கு ஒவ்வாதது, பிரிட்டன் கூடிய விரைவில் வெளியேற வேண்டும் என்று 13 நீதிபதிகள் ஒரு பக்கம். மறுபக்கம் நின்ற ஒரே நீதிபதி எந்த நாட்டவர் என்று சொல்லவும் வேண்டுமா? அமெரிக்கர். மே மாதம் பொதுச் சபையில் மறுபடி வாக்கெடுப்பு: ஆதரவு 116, எதிர்ப்பு 6. நம் நாடு 116ல் ஒன்று. ஒரு காலத்தில் சூரியன் மறையாத சாம்ராஜ்யத்துக்கு எண்ணி ஐந்து துணைதான் கிடைத்தது.

இதோடு நிறுத்திக் கொண்டு கை தட்டலாம்தான். ஆனால் நாம் மொரீஷியஸ் ஆட்சியாளர்களின் பாட்டுக்காரர்கள் அல்ல. (ரூபாய் நோட்டில் தமிழை அச்சடிக்கும் நாடு அது, 1998ல் தமிழை ஒரு வரி கீழே இறக்கியபோது அங்குள்ள தமிழர் கொதித்தெழுந்து புது நோட்டையே திரும்பப் பெற வைத்தார்கள். அந்த உறவு நமக்கு உண்டு. அதனால்தான் உரிமையோடு சொல்கிறோம்.) விரட்டப்பட்டவர்களுக்காகப் பிரிட்டன் 1972ல் தந்த 6.5 லட்சம் பவுன், 1978 வரை அந்த மக்கள் கைக்கு வரவில்லை. போர்ட் லூயியின் சேரிகளில் வேலையின்றி அலைந்தவர்களை, "தீவுக்காரர்கள்" என்று சொந்த நாடே ஒதுக்கியது. கொடி தங்களுடையது என்றால் கூலி யாருடையவன்?

பெண்கள்தாம் தெருவுக்கு வந்தார்கள். சார்லீசியா அலெக்சிஸ், லிசெட் தலாத் போன்றவர்கள் பட்டினிப் போராட்டம் நடத்தினார்கள், போலீஸ் அடி வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். 1982ல் 40 லட்சம் பவுன் ஈடு வந்தது. அதற்குப் பதிலாக, ஊர் திரும்பும் உரிமையைக் கைவிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதிய தாளில் எழுத்தறியாதவர்களிடம் கைநாட்டு வாங்கினார்கள். கைநாட்டின் கதை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், விளக்க வேண்டாம். எலக்ட்ரீஷியன் வேலை பார்த்த ஒலிவியே பான்கூல் 2000ல் லண்டன் உயர் நீதிமன்றத்திலேயே வென்றார். 2004ல் பாராளுமன்றத்தைக் கூடக் கேட்காமல் ராணியின் ஆணை என்று ஒன்றைப் போட்டு அந்த வெற்றியைப் பறித்தார்கள்.

சீனாவைத் தடுக்க ஒரு தளம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நம் நாட்டிலும் சிலர் பேசுகிறார்கள். 1971ல் இலங்கை முன்மொழிந்து, இந்துமாக்கடல் சமாதான மண்டலம் என்று ஐ.நா. பொதுச் சபை அறிவித்ததை இவர்கள் மறந்தார்களா? அந்தத் தளத்திலிருந்து எழுந்த குண்டுவீச்சு விமானங்கள் 1991லும் 2003லும் இராக்குக்கும், 2001ல் ஆப்கானிஸ்தானத்துக்கும் போயின. 2002ல் இரகசியக் கைதிகளை ஏற்றிய அமெரிக்க விமானங்கள் அங்கே இறங்கியதைப் பலமுறை மறுத்துவிட்டு 2008ல் பிரிட்டன் ஒப்புக் கொண்டது. 2021 அக்டோபரில் படகேறித் தத்தளித்த 89 ஈழத் தமிழர்களை அங்கே கொண்டு போய் முள்வேலிக்குள் வைத்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அது சட்ட விரோதக் காவல் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மண்ணின் மக்களுக்கு இடமில்லாத தீவில் அகதிக்குச் சிறை!

2025 மே 22ல் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தீவுகள் மொரீஷியஸுக்கு. டீகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகை. வாடகை ஆண்டுக்குச் சராசரி 10 கோடியே 10 லட்சம் பவுன். மற்றத் தீவுகளில் மக்கள் குடியேறலாம், டீகோ கார்சியாவில் கூடாது. தோட்டமும் கோயிலும் கல்லறையும் அதிகம் இருப்பது எங்கே? அங்கேதான். கையெழுத்தான அன்று விடிவதற்குள், டீகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் மண்ணைப் பற்றிக் கையெழுத்தா என்பதே அவர்கள் வழக்கு. நண்பகலில் தடை நீங்கியது.

நம் அரசு அந்த ஒப்பந்தத்தை வரவேற்றது. 116 கைகளில் ஒன்றாக உயர்ந்த கை, அந்த இரு பெண்களுக்காகவும் உயர வேண்டும். டீகோ கார்சியாவில் பிறந்தவர்கள் டீகோ கார்சியாவில் வாழ வழி செய்யும்படி டில்லி கேட்க வேண்டும், மொரீஷியஸிடமும்தான்.