சாதியில்லை என்பதற்கும் ஒரு சர்டிபிகேட்

திருப்பத்தூரில் வக்கீல் தொழில் செய்துவரும் தோழர் ம. ஆ. சிநேகா அவர்களுக்கு 2019-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 5-ந் தேதி அவ்வூர் தாசில்தார் ஆபீசிலிருந்து ஓர் அத்தாட்சிப் பத்திரம் வழங்கப்பட்டது. இவர் எந்தச் சாதியையும், எந்த மதத்தையும் சேர்ந்தவரல்லர் என்பதே அதில் கண்ட விஷயம். இந்தியாவிலேயே இம்மாதிரிப் பத்திரம் பெற்றவர் இவர்தான் முதல் என்று பத்திரிகைகள் எழுதின. ஜனங்களும் ஒரு நாள் அதிசயப்பட்டார்கள், மறுநாள் மறந்தார்கள். ஆனால் அந்த ஒரு காகிதத்திற்குப் பின்னால் உள்ள சங்கதி ஒரு நாள் அதிசயத்தோடு போகத்தக்கதல்ல. ஆகையால் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

தோழர் சிநேகா பட்டணத்துப் பெரிய வக்கீலல்லர். அக்காலத்தில் வேலூர் ஜில்லாவில் சேர்ந்திருந்த ஒரு சிற்றூர்க் கோர்ட்டில் தொழில் நடத்துகிறவர். மூன்று பெண் குழந்தைகளுக்குத் தாய். அவரது கணவர் தமிழ்ப் பேராசிரியர். அதாவது நம்மில் எத்தனையோ பேரைப்போல் குடும்பம், தொழில், குழந்தைகளின் படிப்பு என்கிற கவலைகளுக்கு நடுவில் வாழ்கிறவர். ஆனால் அவரது பெற்றோர் அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதே சாதி என்ற இடத்தையும் மதம் என்ற இடத்தையும் வெறுமையாக விட்டார்கள். சகோதரிகளில் ஒருவருக்கு முஸ்லிம் பெயரும், இன்னொருவருக்குக் கிறிஸ்தவப் பெயரும் வைத்தார்கள். அதே வழியில் இவரும் தம் குழந்தைகளின் பள்ளிக்கூடக் காகிதங்களில் அந்த இடங்களை வெறுமையாகவே விட்டார். மேடையில் ஒன்று பேசிவிட்டு வீட்டுக் கல்யாணத்தில் சாதி பார்க்கும் சீர்திருத்தக்காரர்கள் மலிந்த இந்நாட்டில், இரண்டு தலைமுறையாகச் சொன்னதைச் செய்து காட்டிய குடும்பம் இது.

இப்படிப்பட்டவர் 2010-ம் வருஷத்திலிருந்து கேட்டும், பத்திரம் கைக்கு வர ஒன்பது வருஷமாயிற்று. ஏனென்றால், இதற்கு முன் யாருக்கும் கொடுத்த வழக்கமில்லையாம்! நாம் கேட்கிறோம்: சாதி உண்டு என்று எழுதிக்கொடுக்கப் பாரம் உண்டு, ஆபீசு உண்டு, முத்திரை உண்டு. பிறந்த குழந்தை ஒரு மனுவும் போடாமலே அதன் தலையில் சாதி ஏறிவிடுகிறது. அதை இறக்கி வைக்க மட்டும் வழியில்லையென்றால், சாதியை ஒழிக்க விரும்பும் சர்க்கார் என்று சொல்லிக்கொள்வதற்கு என்ன அர்த்தம்?

நிற்க, இதே ஜில்லாவில் நடந்த பழைய விஷயம் ஒன்றையும் வாசகர்களுக்கு ஞாபகமூட்டுகிறோம். 1806-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கினார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் முக்கியமானது, அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பி போடவேண்டும் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் போட்ட உத்தரவு. அதிகாரத்தால் பிடுங்கினால் மனிதன் தன் குறியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுவான் என்பதற்கு அது சாட்சி. அன்று குறியை எடு என்று மேலதிகாரி சொன்னான், ரத்தம் சிந்திற்று. இன்றோ, என் குறியை நானே எடுக்கிறேன் என்று ஒரு குடிமகள் தானாக வந்து கேட்டார். அதிகாரிகள் ஒன்பது வருஷம் யோசித்தார்கள். மனமொப்பி விடுகிறவர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பதைவிட சர்க்காருக்குச் சுலபமான வேலை வேறென்ன இருக்கிறது?

அந்தத் தோல் குஞ்சத்தைச் சொன்னவுடன் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் சாலைகள் நம் ஞாபகத்துக்கு வருகின்றன. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைக் கையால் எடுத்து, மயிரும் சதையும் நீக்கி, நாற்றத்தைச் சகித்து வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் எந்த ஜனங்கள்? தலைமுறை தலைமுறையாகத் தீண்டப்படாதவர் என்று சேரிக்குத் தள்ளப்பட்டவர்களே. அவர்கள் தொட்ட தோல் பூட்ஸாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனவுடன், பரிசுத்தமான மேல்சாதிக் காலும் அதற்குள் சந்தோஷமாக நுழைகிறது! தோலுக்குத் தீட்டுப் போய்விட்டது; அதைப் பதனிட்ட மனிதனுக்கு மட்டும் போகவில்லை. இதைவிடச் சாதியின் புரட்டுக்கு வேறு ருசு வேண்டுமா?

இந்த இடத்தில் இரண்டு ஆட்சேபணைகள் சொல்லப்படுகின்றன. முதலாவது, ஒரு காகிதத்தால் சாதி ஒழிந்துவிடுமா என்பது. ஒழியாதுதான். ஆனால் காகிதத்தால் ஒழியாது என்பவர்கள், காகிதத்தில் அதை எழுதியே தீரவேண்டும் என்று ஏன் பிடிவாதம் செய்யவேண்டும்?

இரண்டாவது ஆட்சேபணைதான் யோசிக்கத்தக்கது. எல்லோரும் இப்படிக் கிளம்பிவிட்டால் தாழ்த்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோருக்குரிய வகுப்புவாரி உரிமை என்னாவது என்கிறார்கள். இதற்கு நமது பதில் பளிச்சென்றது. சாதியால் இழந்தவனுக்குச் சாதிச் சர்டிபிகேட் என்பது பட்ட கடனுக்கு எழுதி வாங்கிய பத்திரம் போன்றது. கடன் தீருமுன் பத்திரத்தைக் கிழித்துப்போடு என்று அவனுக்குப் புத்தி சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. தோல் குழியில் நிற்பவனின் மகன் அதைக் காட்டிப் படிக்கட்டும், உத்தியோகம் பெறட்டும். சாதியால் லாபம் அடைந்தவனும், இனி அதன் தயவு வேண்டாத நிலைக்கு வந்தவனும்தான் முதலில் அதைக் கழற்றவேண்டும். தோழர் சிநேகாவுக்குப் பத்திரம் கொடுத்ததால் வேறொருவருக்குரிய இடம் ஒன்றும் குறையவில்லை. அவர் தமக்கென்று சலுகை எதையும் கேட்கவுமில்லை. ஒரு பட்டத்தை வேண்டாம் என்றார், அவ்வளவே.

இப்போது வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. பள்ளிக்கூடக் காகிதங்களில் சாதி, மதம் குறிப்பிட விரும்பாதவர்கள் அவ்விடங்களை விட்டுவிடலாம் என்று 1973-லும் 2000-த்திலும் தமிழ்நாட்டு சர்க்கார் உத்தரவு போட்டிருக்கிறது. 2025-ல், இதே திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில், இம்மாதிரிப் பத்திரம் வழங்கும்படியும், அதற்கென சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பிக்கும்படியும் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே முன் வழக்கமில்லை என்று இனி எந்த உத்தியோகஸ்தரும் கையை விரிக்க முடியாது.

தோழர்களே! பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை விடவேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாடு தீர்மானித்தபோது பலர் சிரித்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பெயரோடு சாதியை ஒட்டிக்கொள்ள வெட்கப்படுகிறவர்களே அதிகம். பெயரிலிருந்து போனது காகிதத்திலிருந்தும் போகும். காகிதத்திலிருந்து போனது கல்யாணத்திலிருந்தும் போகவேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பாரத்தை நிரப்ப உட்காரும் வசதியுள்ள பெற்றோர்கள், அந்த இரண்டு இடங்களுக்கு வந்தவுடன் பேனாவைச் சற்று நிறுத்தி யோசிப்பார்களா?