வாட்டர் கூலிங்குக்குப் பணத்தைத் தண்ணியா செலவழிக்கணுமா?

புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவங்க பட்ஜெட்டில் இப்பல்லாம் 'லிக்விட் கூலர்'னு ஒரு வரி கட்டாயம் இருக்கு. கண்ணாடி கேபினெட், கலர் லைட், ரெண்டு குழாய்... பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா முக்கால்வாசி வீட்டு கம்ப்யூட்டருக்கு அது வேண்டாம்ங்கறது என் கட்சி.

தண்ணி சூட்டை அழிக்கறதில்லைங்க, இடம் மாத்துது, அவ்வளவுதான். பம்ப் சூடான திரவத்தை ரேடியேட்டருக்குத் தள்ளும், அங்கே ஃபேன் அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். மே மாசம் அறை 36 டிகிரின்னா, எத்தனை ஆயிரம் கொட்டினாலும் அதுக்குக் கீழே இறங்காது. இறக்கிக் காட்டற பெல்டியர் தகடு ஒண்ணு இருக்கு. ஆனா அது தனியா கரண்ட் இழுக்கும், குளிர்ந்த இடத்தில் காத்திலிருக்கற ஈரம் நீராக் கோத்து மதர்போர்டில் சொட்டும். வீட்டுக்கு ஆகாது.

அடுத்தது டவர் கூலர். இதோட செம்புக் குழாய்க்குள்ளேயும் கொஞ்சம் திரவம் உண்டு. அடியில் ஆவியாகி, மேலே குளிர்ந்து, தானா திரும்பி வரும். பம்ப் இல்லாத வாட்டர் கூலிங்னே சொல்லலாம்!

எவ்வளவு சூட்டைச் சமாளிக்கணும்? ரைசன் 5 5600 வெறும் 65 வாட்ஸ் ரகம், பழைய குண்டு பல்பு அளவு. கோர் ஐ9-14900கே 253 வாட்ஸ் வரை போகும். அதில் மணிக்கணக்கா வீடியோ ரெண்டர் பண்றவங்க லிக்விட் கூலர் வாங்கட்டும், நியாயம்தான். டாலியும் எக்ஸெலும் கொஞ்சம் கேமும் ஓட்டற நமக்கு எதுக்கு?

காமர்ஸ்காரன் பாஷையில் சொன்னா, தேய்மானத்தையும் பாருங்க. டவர் கூலரில் கெட்டுப் போறது ஃபேன் மட்டும்தான், அதை மாத்தினா போதும். லிக்விட் கூலரில் பம்ப் போச்சுன்னா பெரும்பாலும் மொத்தமா புதுசு வாங்கணும். ரப்பர் குழாய் வழியா திரவமும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வத்தும். கசிவு அபூர்வம்தான், ஆனா கற்பனை இல்லை. 2004-ல் ஆப்பிள் லிக்விட் கூலிங்கோட விட்ட பவர் மேக் ஜி5-ல் சில வருஷம் கழிச்சுக் கசிந்து, உள்ளே அரிச்சுப் போன பெட்டிகள் உண்டு.

அதனால முதல்ல உங்க ப்ராசஸர் எத்தனை வாட்ஸ்னு பாருங்க. முன்பக்கம் காத்து நுழையற கேபினெட்டா வாங்குங்க, மாசம் ஒரு தடவை தூசி தட்டுங்க. மிச்சமாகற காசில் ஒரு நல்ல யுபிஎஸ் வாங்கலாம். நம்ம ஊர் கரண்டுக்கு அதுதான் முதல் தேவை.