உயிர்த்தெழுதலும் உயிர்காக்கும் கருவியும்

சாவைப் பற்றிப் பேச்செடுத்தால், "நல்ல நாளும் அதுவுமா இதென்ன பேச்சு?" என்று வாயை அடைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் சாவுக்குப் பிறகு என்ன என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கும். கிறிஸ்தவர் உயிர்த்தெழுதல் உண்டு என்பார். பகுத்தறிவாளர், "அதோடு சரி, அப்புறம் ஒன்றுமில்லை" என்பார். சங்கக் கூட்டம் முடிந்து காபி ஆறிப்போகும் வரை இந்த வாதம் நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இதில் யாரும் யாரையும் வென்றதாகச் சரித்திரம் இல்லை.

அந்த வாதத்தைத் தீர்த்துவைக்க நான் வரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. மறுமையைப் பற்றி நேர் எதிராகப் பேசும் இருவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நிற்கும்போது, பெரும்பாலான கேள்விகளுக்கு ஒரே விடைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். இது தெரியாமல், சாவு வாசலுக்கு வந்த பிறகு சண்டையிட்டுப் பிரிந்த குடும்பங்கள் பல.

நான் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த கிறிஸ்தவன். மும்பைக்கு வந்து முப்பத்தைந்து வருடங்களாகின்றன. ஊரிலிருந்து பரேல் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு வரும் நம்மவர்கள் பலருக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. டாக்டர் சொல்வதை அவர்களுக்கும், அவர்கள் கேட்பதை டாக்டருக்கும் எடுத்துச் சொல்லும் வேலை பல வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. அதில் மிகவும் கடினமான வாக்கியம், "இனி நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு டாக்டர் போய்விடுவார். குடும்பம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பிறகு நடப்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். துபாயில் இருக்கும் மகன் தொலைபேசியில், "எவ்வளவு செலவானாலும் நான் அனுப்புகிறேன், எதையும் நிறுத்தாதீங்க" என்பான். கூடவே இருந்து பார்த்த மகள், "அம்மா பட்ட பாடு போதும் அண்ணே" என்பாள். ஜெபிக்க வந்த பாஸ்டர், "மிஷினை நிறுத்துறது அவிசுவாசம்" என்பார். கறுப்புச் சட்டை மாமா, "மூச்சு விடறது மிஷின்தானே, அக்கா இல்லையே" என்பார். படுத்திருக்கும் அந்த அம்மாள் என்ன விரும்பினார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

விசுவாசம் என்ன சொல்கிறது?

"மிஷினை நிறுத்துவது அவிசுவாசம்" என்பது கிறிஸ்தவக் கொள்கையா? பெரிய சபைகளின் போதனை அப்படி இல்லை. உயிர் இறைவன் தந்தது, அதை முடிக்கும் அதிகாரம் மனிதனுக்கு இல்லை என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் ஒரு பாதி. சாவு முற்றுப்புள்ளி அல்ல என்பது மறு பாதி. முதல் பாதியிலிருந்து, கொல்லாதே என்ற முடிவு வருகிறது. இரண்டாம் பாதியிலிருந்து, எப்பாடு பட்டாவது இந்த உடம்பை இழுத்துப் பிடித்துவைக்க வேண்டியதில்லை என்ற முடிவும் வரத்தானே வேண்டும்? உயிர்த்தெழுதலை நம்புகிறவன் சாவைக் கண்டு அதிகம் பதறுவது விந்தையல்லவா?

இது நானாகச் சொல்வது அல்ல. 1957ஆம் ஆண்டு நவம்பரில் மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசிய போப் பன்னிரண்டாம் பத்திநாதர், சாதாரண வழிகளால் உயிரைக் காப்பதே கடமை என்றார். நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ பெரும் பாரமாகும் அசாதாரண வழிகள் கட்டாயமல்ல என்றும் விளக்கினார். அதே ஆண்டு பிப்ரவரியில், வலியைத் தணிக்கக் கொடுக்கும் மருந்தால் ஆயுள் சற்றுக் குறைய நேர்ந்தாலும், வேறு வழியில்லாதபோது அதைக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். 1995இல் கருணைக்கொலையைக் கடுமையாகக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதிய போப் இரண்டாம் ஜான் பால், பயனற்ற கடும் சிகிச்சையை மறுப்பது அதில் சேராது என்று அதே மடலில் பிரித்துக் காட்டினார். 2005 ஏப்ரலில் அவரது இறுதி நாட்கள் ஆஸ்பத்திரியில் கழியவில்லை. வத்திக்கானில் தம் அறையிலேயே அவர் கண்ணை மூடினார்.

பகுத்தறிவு என்ன சொல்கிறது?

மறுபக்கத்தில், இருப்பது ஒரே வாழ்க்கைதான் என்பவர்கள். அவர்களில் ஒரு சாரார், அந்த ஒன்றைக் கடைசி நொடி வரை விடக்கூடாது என்பார்கள். இன்னொரு சாரார், அது மனிதனாக வாழும் வாழ்க்கையாக இருக்க வேண்டும், முடிவு அவரவர் விருப்பப்படி அமைய வேண்டும் என்பார்கள். மருத்துவ நெறி நூல்கள் இன்று நான்கு கோட்பாடுகளைப் பேசுகின்றன: நோயாளியின் விருப்பத்தை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், நியாயமாகப் பங்கிடுதல். இவற்றுக்கு மறுமை தேவையில்லை. ஆனால் மறுமையை நம்புகிறவருக்கும் இவற்றில் எதை மறுக்க முடியும்?

இரு தரப்பும் ஒன்றாக நின்றதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கு உண்டு. கேரன் ஆன் குவின்லன் என்ற இளம்பெண் 1975இல் நினைவிழந்து, வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார். பெற்றோர் பக்தியுள்ள கத்தோலிக்கர். தங்கள் பங்குக் குருவிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, வென்டிலேட்டரை எடுக்கும்படி கோரினார்கள். ஆஸ்பத்திரி மறுத்தது. 1976இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் பேசியது தனிமனித உரிமையை. பெற்றோர் பேசியது விசுவாசத்தை. வந்து சேர்ந்த இடம் ஒன்று. கருவியை எடுத்த பிறகும் கேரன் தானாகவே மூச்சு விட்டு, 1985 வரை உயிரோடு இருந்தார். குழாய் வழியாக உணவு கொடுப்பதைப் பெற்றோர் நிறுத்தவில்லை. கருவியை எடுப்பது வேறு, கொல்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஒரு சொல், இரண்டு பொருள்

தமிழில் நமக்கு ஒரு சங்கடம். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கும், பயனற்ற கருவியை விலக்கி நோயின் போக்கில் விடுவதற்கும் 'கருணைக்கொலை' என்ற ஒரே சொல்லைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. 'கொலை' என்று காதில் விழுந்ததும் மகன் நடுங்குகிறான். அதன் பிறகு டாக்டர் சொல்லும் எதுவும் அவன் காதில் ஏறுவதில்லை.

நம் மும்பையின் அருணா ஷான்பாக்கை எப்படி மறக்க முடியும்? கே.ஈ.எம். ஆஸ்பத்திரியின் செவிலியான அவர், 1973 நவம்பரில் அங்கேயே ஓர் ஊழியனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். உணவை நிறுத்தி அவரைச் சாக அனுமதிக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு மறுத்தது. அவரைப் பிள்ளைபோல் கவனித்துவந்த அந்த ஆஸ்பத்திரி ஊழியர்களின் விருப்பத்துக்கே மதிப்பளித்தது. ஆனால் தக்க வழக்குகளில், உயர் நீதிமன்ற அனுமதியுடன் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கலாம் என்ற வாசலையும் அதே தீர்ப்பு திறந்துவைத்தது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவால் இறந்தார். நாற்பத்தொரு வருடங்களுக்கு மேல் செவிலியர் தலைமுறைகள் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் யார் ஆத்திகர், யார் நாத்திகர் என்று யார் கேட்டார்கள்?

உண்மையான வேறுபாடு

எல்லாவற்றிலும் ஒற்றுமை என்று சொன்னால் அது பொய்யாகும். நினைவு திரும்பாத நோயாளிக்குக் குழாய் வழியே கொடுக்கும் உணவும் நீரும் சிகிச்சையல்ல, சாதாரணப் பராமரிப்பு. பொதுவாக அதை நிறுத்தக்கூடாது என்று 2004இல் போப் இரண்டாம் ஜான் பால் சொன்னார். அதுவும் சிகிச்சைதான் என்பது மருத்துவ நெறியாளர் பலரின் கருத்து. ஊசி போட்டுச் சாக உதவுவதை நெதர்லாந்து 2002 முதல் சட்டப்படி அனுமதிக்கிறது. கத்தோலிக்க சபை அதை ஒருபோதும் ஏற்காது. இந்தியாவில் இன்றும் அது குற்றம்.

என் பகுத்தறிவு நண்பர் ஒருவர் கேட்பார்: "அண்ணாச்சி, மிஷினை எடுத்தாலும் சாவு, ஊசி போட்டாலும் சாவு. சீக்கிரம் வலியில்லாமல் முடிவதுதானே கருணை?" வலுவான கேள்விதான். என் விடைக்கு நான் வேதத்தைத் திறப்பதில்லை. நம் நாட்டில் எத்தனை முதியவர்கள் "பிள்ளைகளுக்குப் பாரமா இருக்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்! அது விருப்பமா, நிர்ப்பந்தமா? ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தாலியை அடகு வைக்கும் நாட்டில் ஊசி சட்டமானால், முதலில் கையெழுத்துப் போடுவது வலி தாங்காதவர் அல்ல, வசதி இல்லாதவர். இதை அந்த நண்பரும் மறுக்கவில்லை.

வசதி இல்லாதவருக்கு இன்று என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணம் தீர்ந்ததும், "டாக்டர் சொல்லை மீறி எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடுகிறார்கள். குழாயைப் பிடுங்கி, வலிக்கு ஒரு மாத்திரைகூடத் தராமல் வாடகைக் காரில் ஏற்றியதை ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று நானே பார்த்திருக்கிறேன். முறைப்படி எடுத்தால் கண்ணியமாக முடிந்திருக்கும் அதே முடிவு, திருட்டுத்தனமாகவும் குற்ற உணர்வோடும் எடுக்கப்படுகிறது.

ஊசிக்கும் கருவிக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆனால் அவர் வளர்த்த வலி தணிக்கும் மருத்துவம் இன்று எல்லோருக்கும் பொது. இந்தியாவின் முதல் அத்தகைய இல்லமான சாந்தி அவேதனா சதன், 1986இல் நம் பாந்த்ராவில்தான் தொடங்கப்பட்டது. முற்றிய புற்றுநோயாளிகளை மதம் பார்க்காமல் அங்கே கவனிக்கிறார்கள். நம்மவர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கண்ணைக் கொடுத்தால் எப்படி எழும்புவது?

உறுப்பு தானம் பற்றிப் பேசும்போது நம் சபைப் பாட்டிமார் கேட்கும் கேள்வி இது. சிரிக்க வேண்டாம், மிகப் பழைய கேள்விதான். மிருகங்கள் தின்ற, நெருப்பு எரித்த உடல்கள் எப்படி எழும்பும் என்று 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புனித அகுஸ்தீன் விவாதித்து, படைத்தவருக்கு மீண்டும் கூட்டிச் சேர்ப்பது கடினமல்ல என்று முடித்துவிட்டார். கத்தோலிக்க சபை 1963இல் தகனத்தையும் அனுமதித்தது. 2000இல் போப் இரண்டாம் ஜான் பால் உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் பேசியபோது, கடுமையான முறையில் உறுதிசெய்யப்பட்ட மூளைச்சாவையும் உறுப்பு தானத்தையும் ஏற்றே பேசினார்.

ஜோதி பாசு 2010இலும், சீதாராம் யெச்சூரி 2024இலும் தங்கள் உடலையே மருத்துவக் கல்விக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுமை இல்லை என்றவர்கள் அவர்கள். மறுமை உண்டு என்கிற நாம் அவர்களைவிடக் கஞ்சத்தனமாக இருக்கலாமா?

மூளைச்சாவு வேறு, கோமா வேறு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்துத்தான் மூளைச்சாவை உறுதிசெய்ய முடியும்.

எழுதிவையுங்கள்

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. முன்கூட்டியே மருத்துவ உயில் எழுதிவைக்கவும் வழி செய்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்த விதி 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது. இன்று பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனமுள்ள எவரும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தமக்காகப் பேச வேண்டியவர்களின் பெயரை அதில் குறிப்பிட வேண்டும். நேரம் வரும்போது, ஆஸ்பத்திரியின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சிகிச்சையை விலக்க முடியும். எனவே அவசரப்பட்டு யாரும் எதையும் பிடுங்கிவிட முடியாது. மனம் மாறினால் உயிலையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஊரில் இருப்பவர்களைவிட நமக்கு இது அவசியம். அங்கே பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று கூடிப் பேசி முடிவெடுக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். இங்கே ஒரு பிள்ளை புனேயில், ஒன்று வளைகுடாவில், ஒன்று அமெரிக்காவில். நள்ளிரவில் டாக்டர் கேட்கும் கேள்விக்கு, கூட இருக்கும் ஒருத்தி மட்டும் பதில் சொல்லி, அந்தப் பழியை ஆயுள் முழுதும் சுமக்கிறாள். "அப்பாவை நீதானே கொன்னே" என்று தங்கையைக் கேட்ட அண்ணனை எனக்குத் தெரியும். அப்பா இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தச் சொல் பிறந்திருக்காது.

ஆகவே என் தாழ்மையான வேண்டுகோள் இது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவையுங்கள். தூரத்தில் இருப்பவர்களைத் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி வேண்டுமா, வேண்டாமா? எதுவரை வேண்டும்? கண்ணைக் கொடுக்கலாமா? யார் பேசுவது? இந்த நான்கையும் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். பிறகு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "எனக்கு எல்லா சிகிச்சையும் வேண்டும்" என்பதும் ஒரு விருப்பம்தான், அதையும் எழுதலாம்.

மறுமை உண்டா, இல்லையா என்ற வாதத்தை வழக்கம்போல் சங்கத்தில் காபியோடு தொடருவோம். அதற்கு அவசரமில்லை.